எதிர்பாராத துண்டு எங்கிருந்து வந்தது? மல்பெரி மரபணுத்தொகுதியும் குரோமாட்டின் தொடர்பு வரைபடமும்

ஆரணித் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டு இழை மல்பெரி இலையிலிருந்து தொடங்குகிறது. பட்டுப்புழு அந்த இலையை நம்பியே வாழ்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பற்றிய பேச்சு சரிகை விலை, கூலி, விசைத்தறிப் போட்டி என்ற வட்டத்தைத் தாண்டி இலைவரை போவது அரிது. ஆனால் கூட்டின் எடையும், அதிலிருந்து இழை அறுபடாமல் வரும் நீளமும் புழு தின்ற இலையின் தரத்தைப் பொறுத்தவை. தருமபுரி சந்தையிலும் ராமநகரச் சந்தையிலும் குவியும் கூடுகளுக்குப் பின்னால் வி-1 போன்ற சில மல்பெரி ரகங்களே நிற்கின்றன. சாம்பல் நோய், வேரழுகல், வறட்சி மூன்றையும் தாங்கும் அடுத்த ரகத்தை உருவாக்க முனைகிறவருக்கு அந்தச் செடியின் மரபணுத்தொகுதி தலை முதல் வால் வரை சரியான வரிசையில் வேண்டும். எந்த மரபணு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது தவறிப்போனால், அதை அடையாளம் காட்ட வைத்த மரபுக் குறியும் தவறான இடத்தைக் காட்டும். அந்தக் குறியை நம்பித் தேர்ந்தெடுத்த நாற்றுகளில் சில ஆண்டு உழைப்பு வீணாகும்.

அந்த வரிசைப்படுத்தும் வேலையில் அடிக்கடி எழும் ஒரு சிக்கலைப் பற்றியது இக்கட்டுரை. டிஎன்ஏவைப் படித்து, துண்டுகளை இணைத்து, குரோமோசோம் அளவுக்கு நீளமான கோவைகளாக்கி முடித்தபின், எதிர்பார்த்த எண்ணிக்கை வராது. 14 குரோமோசோம் உள்ள செடியில் 15 பெரிய கோவைகள் நிற்கும். அல்லது 13 நிற்கும். கூடவே எங்கும் சேராத நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் கிடக்கும். ஆய்வாளர்கள் ஸ்காஃபோல்டு என்று சொல்லும் இந்தக் கோவைகளில் எது உண்மை, எது பிழை, எது வேறோர் உயிரினத்தின் மிச்சம் என்று பிரிப்பது எப்படி? குரோமாட்டின் தொடர்பு வரைபடம் இதற்கு எவ்வளவு தூரம் உதவும்? மல்பெரியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தக் கேள்விக்கு அமைவது கடினம். இந்தச் செடியில் எதிர்பார்ப்பு தவறி, வரைபடம் வென்றிருக்கிறது.

வரைபடம் சொல்வது என்ன

செல்லின் கருவுக்குள் டிஎன்ஏ மடிந்தும் சுருண்டும் கிடக்கிறது. இளம் இலையை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்தால், அருகருகே கிடக்கும் இழைகள் இருந்த இடத்திலேயே பிணைந்துகொள்கின்றன. பிறகு ஒரு வெட்டு நொதியால் டிஎன்ஏவை நறுக்கி, வெட்டு முனைகளில் பயோட்டின் குறி வைத்து, பக்கத்தில் கிடக்கும் முனைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார்கள். அப்படி ஒட்டிய துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து இரு முனைகளையும் படித்தால், கருவுக்குள் எந்த இடம் எந்த இடத்துக்கு அருகில் இருந்தது என்ற கோடிக்கணக்கான சான்றுகள் கிடைக்கும். இதுதான் ஹை-சி. எரெஸ் லீபர்மன்-ஐடன், யோப் டெக்கர் உள்ளிட்டோர் 2009இல் மனித செல்லில் இதைச் செய்து காட்டியபோது நோக்கம் கருவின் முப்பரிமாண அமைப்பை அறிவதுதான். நான்கே ஆண்டில், 2013இல், அதே தரவை வைத்துத் துண்டுகளைக் குரோமோசோம்களாக இணைக்கலாம் என்று தனித்தனிக் குழுக்கள் நிறுவின.

அந்த மாற்றுப் பயன்பாட்டுக்கு அடிப்படை இரண்டு இயல்புகள். ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு இடங்கள் சந்திக்கும் வாய்ப்பு, வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ளவை சந்திப்பதைவிட மிக அதிகம். ஒரே குரோமோசோமுக்குள்ளும் தூரம் கூடக்கூடச் சந்திப்பு குறைகிறது. துண்டுகளை வரிசையாகக் கிடையாகவும் செங்குத்தாகவும் அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சந்திப்பு எண்ணிக்கையை நிறச்செறிவாகக் காட்டினால், சரியாகக் கோத்த குரோமோசோம் ஒவ்வொன்றும் மூலைவிட்டத்தின் மேல் ஒரு சிவந்த சதுரமாகத் தெரியும். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை கோக்கும் ஆரணிக்காரர்களுக்கு இதன் தருக்கம் உடனே பிடிபடும்: ஒவ்வோர் அட்டையிலும் துளைகள் சரியாக இருந்தும், இரண்டு அட்டை இடம் மாறினாலோ ஒன்று தலைகீழாகக் கோக்கப்பட்டாலோ, பிழையை அட்டையில் பார்க்க முடியாது, நெய்த துணியில்தான் அது வெளிப்படும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹை-சி அளப்பது கருவுக்குள் இருக்கும் நெருக்கத்தை. டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் இருக்கும் அடுத்தடுத்த நிலையை அது நேரடியாக அளப்பதில்லை. நெருக்கத்திலிருந்து நாம் அதை ஊகிக்கிறோம். பெரும்பாலான இடங்களில் ஊகம் சரியாக இருக்கும். சிக்கல் முளைக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஊகம் பொய்க்கும் இடங்கள்தான்.

ஒரே செடிக்குள் இரண்டு படிகள்

மல்பெரி பெரும்பாலும் ஆண் செடி, பெண் செடி என்று பிரிந்து, காற்றில் மகரந்தம் பரவிக் கலக்கும் இனம். விவசாயியின் தோட்டத்தில் அது விதையிலிருந்து முளைப்பதில்லை. குச்சி நட்டு வளர்க்கிறார்கள். மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் எஸ்-30, பெர்.சி-776 என்ற இரண்டைக் கலந்து உருவாக்கிய வி-1 தென்னகம் எங்கும் பரவியதும் குச்சி வழியேதான். ஆகவே தாயிடமிருந்து வந்த படியும் தந்தையிடமிருந்து வந்த படியும் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்டு, அந்த வேறுபாடு தலைமுறை தலைமுறையாக அப்படியே உறைந்து நிற்கிறது. நெல் போலத் தன் மகரந்தச் சேர்க்கையால் இரண்டு படிகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பயிரில் இந்தத் தொல்லை கிடையாது.

இணைப்பு மென்பொருள் இரண்டு படிகளும் ஒத்திருக்கும் இடத்தில் ஒரே துண்டைக் கொடுக்கும். மிகவும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும். முடிவில் குரோமோசோம் எண்ணிக்கைக்கு மேல் நிற்கும் கூடுதல் கோவைகளில் பெரும்பங்கு இப்படிப்பட்ட இரட்டைப் பதிவுகள் என்பதே என் கணிப்பு, குறிப்பாக மா, பலா, மல்பெரி போன்ற கலப்புச் சேர்க்கை மரங்களில்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வரைபடத்துக்குப் போக வேண்டியதில்லை. அந்தக் கோவையின் மேல் எத்தனை முறை படிப்புகள், அதாவது கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள், விழுந்திருக்கின்றன என்று பார்த்தால், மற்றவற்றில் பாதி இருக்கும். ஏறக்குறைய எல்லாப் பூக்கும் செடிகளிலும் ஒரே ஒரு முறை இருக்க வேண்டிய மரபணுக்களைத் தேடும் புஸ்கோ சோதனையில் இரட்டையாக வருபவை கூடும். வரைபடத்தில், இந்தக் கோவைக்கும் அதன் இணைப்படிக்கும் இடையே உள்ள கட்டத்தில் மூலைவிட்டத்துக்கு இணையாக மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டு குரோமோசோம்களும் கருவுக்குள் ஒட்டி நிற்கின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு படியைச் சேர்ந்த குறும்படிப்பு இரண்டிடத்திலும் பொருந்துவதால், மென்பொருள் அதை மாற்றி மாற்றி வைத்ததில் பிறந்த கோடு அது. எந்த இடத்துக்கு உரியவை என்று சொல்ல முடியாத, பொருத்தத் தரம் பூச்சியமாக உள்ள படிப்புகளை வடிகட்டிவிட்டு வரைபடத்தை மறுபடி வரைந்தால் கோடு மங்கும் அல்லது மறையும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தச் சிக்கலில் தீர்ப்புச் சொல்லவே கூடாது என்பேன். வடிகட்டாத வரைபடம் பொய்த் தொடர்புகளைக் காட்டும். வடிகட்டியது, திரும்பத் திரும்ப வரும் மீள்வரிசைகள் நிறைந்த பகுதிகளை வெறுமையாக்கி, நல்ல இணைப்பையும் அறுந்ததுபோல் காட்டும்.

தீர்வு இரு வகை. கூடுதல் படியை ஒதுக்கிவிடும் பர்ஜ்-டூப்ஸ் போன்ற கருவிகளைக் கோவை கட்டுவதற்கு முன்பே ஓட்டலாம். அல்லது இரண்டு படிகளையும் முழுமையாகப் பிரித்தே கட்டலாம். நீளமும் துல்லியமும் சேர்ந்த ஹைஃபை படிப்புகளோடு ஹை-சி தரவையும் சேர்த்துக்கொண்டு ஹைஃபியாஸ்எம் இதைச் செய்கிறது. மல்பெரிக்கு இரண்டாவதுதான் தகும். ஒரு படியைத் தூக்கி எறிந்தால் வி-1இன் இரண்டு பெற்றோரில் எவரிடமிருந்து எந்தக் குணம் வந்தது என்ற கேள்விக்கே விடை போய்விடும்.

விருந்தாளிகள்

சிறு துண்டுகளின் குவியலில் பெரும்பகுதி எளிதில் தீரும். பசுங்கணிகத்தின் வட்ட டிஎன்ஏ ஒவ்வொரு இலைச் செல்லிலும் ஏராளமான பிரதிகளாக இருப்பதால் அதன் துண்டுகள் மீது படிப்புகள் மலைபோல் குவியும். இந்திய மல்பெரியான கே-2 ரகத்தின் பசுங்கணிக வரிசை 2006இலேயே, 1,58,484 எழுத்துகள் கொண்டதாக, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பரம்ஜித் குரானா குழுவினரால் வெளியிடப்பட்டது. அதனோடு ஒப்பிட்டால் இவற்றை ஒரு மாலையில் பிரித்துவிடலாம். வட்ட டிஎன்ஏவுக்கு வரைபடத்தில் தனி முத்திரையும் உண்டு: நேர்க்கோடாக வெட்டி வைத்த வட்டத்தின் இரண்டு முனைகளும் உண்மையில் அண்டையில் இருப்பதால், அதன் சதுரத்தின் எதிர்மூலைகளும் சிவந்து தெரியும். இலைக்குள் வாழும் பாக்டீரியாவின் குரோமோசோமும் இதே முத்திரையோடு, செடியின் எந்தக் குரோமோசோமோடும் தொடர்பில்லாத தனித்தீவாக நிற்கும். மல்பெரியைக் குட்டையாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றிய செடியில் மாதிரி எடுத்தால் அப்படி ஒரு தீவு வரக்கூடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பரிணாமக் காலத்தில் பசுங்கணிகத்தின் துண்டுகள் கருவின் குரோமோசோம்களுக்குள் புகுந்து நிலைத்திருக்கின்றன. ஒப்பீட்டில் பொருந்திய ஒரே காரணத்துக்காக நீண்ட கோவையின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் செடியின் சொந்த டிஎன்ஏவை வெட்டியதாகும். நீண்ட படிப்பு ஒன்று அந்தப் பகுதியையும் அதன் இரு கரைகளையும் சேர்த்துக் கடந்திருந்தால் அது வீட்டுக்காரர், விருந்தாளி இல்லை.

ரைபோசோம் மரபணுக்களின் அடுக்குகளும், செல் பிரியும்போது குரோமோசோம் பிடித்து இழுக்கப்படும் இடமான சென்ட்ரோமியரின் மீள்வரிசைகளும் இன்னொரு வகை. ஒரே வரிசை நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்து வருவதால் மென்பொருள் அவற்றைச் சில பிரதிகளாக நசுக்கிவிடும். அந்தத் துண்டு பல குரோமோசோம்களோடு ஒரே அளவு தொடர்பு காட்டும். அதை எந்தக் குரோமோசோமிலும் வலிந்து செருகாமல் தனியே வைத்து, அது இன்னது என்று எழுதிவைப்பதே நேர்மை. மிகச் சிறிய துண்டுகளும் அப்படித்தான்: வெட்டு நொதிக்கு உரிய இடங்கள் அவற்றில் ஓரிரண்டே இருக்கும், சந்திப்புகளும் விரல்விட்டு எண்ணும் அளவே வரும், அவற்றின் மேல் கட்டிய வரிசைக்கு மதிப்பில்லை.

வெட்டுவதற்கு முன்

இணைப்பில் நேர்ந்த பிழை வரைபடத்தில் எப்படித் தெரியும் என்பது இப்போது ஓரளவு நிலைபெற்ற அறிவு. ஹூஸ்டனில் ஒல்கா டுட்செங்கோவும் சகாக்களும் 2017இல் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் சிதறிய வரைவை மூன்று முழுக் குரோமோசோம்களாக்கியபோது, பிழையான இணைப்புகளை முதலில் வெட்டி, பிறகு கோக்கும் முறையை நிறுவினார்கள். அந்தக் குழுவின் ஜூஸ்பாக்ஸ் திரையில் கோவைகளைக் கையால் வெட்டவும் திருப்பவும் நகர்த்தவும் முடிகிறது. உலகெங்கும் இந்தத் திருத்த வேலை பெரும்பாலும் இதுபோன்ற திரைகளில்தான் நடக்கிறது.

தவறாக ஒட்டிய இடத்தில் மூலைவிட்டம் ஒரு புள்ளியில் நெரிந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று அறியாதவைபோல் இருக்கும். ஆனால் மீள்வரிசை மிகுந்த பகுதியும் வெள்ளைப் பட்டையாகத் தெரிவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. பட்டையைத் தாண்டி அதன் இடக்கரையும் வலக்கரையும் ஒன்றோடொன்று தொடர்பு காட்டுகின்றனவா என்று பார்ப்பதே சோதனை. காட்டினால் இணைப்பு உண்மை. நடுவில் நம்மால் படிக்க முடியாத பகுதி இருக்கிறது, அவ்வளவுதான். காட்டாவிட்டால் வெட்டலாம். தலைகீழாகக் கோத்த துண்டு மூலைவிட்டத்தின் மேல் பட்டாம்பூச்சி வடிவத்தை உண்டாக்கும். திருப்பி வைத்தால் மறையும். மல்பெரியில் இங்கும் ஒரு கண்ணி உண்டு. ஒரு படியில் நேராகவும் மற்றப் படியில் தலைகீழாகவும் இருக்கும் உண்மையான திருப்பம் என்றால், எப்படி வைத்தாலும் பட்டாம்பூச்சி முழுதாகப் போகாது. திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பதை நிறுத்தி, இரண்டு படிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேளை அது.

தொலைவில் தெரியும் தனிச் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் பிழை ஆகா. அரபிடோப்சிஸ் செடியில் வெவ்வேறு குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் 10 இடங்கள் ஒன்றோடொன்று வலுவாகச் சந்திப்பதை 2014இல் ஹை-சி வெளிக்கொணர்ந்தது. அது உலகிலேயே நுணுக்கமாகப் படிக்கப்பட்ட செடி மரபணுத்தொகுதி என்பதால் அந்தப் புள்ளிகளை யாரும் இணைப்புப் பிழை என்று சொல்லவில்லை. புதிதாகக் கோக்கும் செடியில் அதே புள்ளிகள் தெரிந்தால் எத்தனை பேர் வெட்டாமல் இருப்பார்கள்? கோதுமை, பார்லி போன்ற பெரிய மரபணுத்தொகுதிகளில் சென்ட்ரோமியர்கள் கருவின் ஒரு பக்கமும் முனைகள் மறுபக்கமும் திரள்வதால், ஒரே குரோமோசோமின் இரண்டு கைகளும் அருகருகே கிடந்து மூலைவிட்டத்துக்குக் குறுக்கே இன்னொரு கோட்டை வரைகின்றன. அந்தத் திரட்சியால் இரண்டு தனிக் குரோமோசோம்களின் முனைகள் ஒன்றையொன்று சந்திக்க, மென்பொருள் அவற்றை ஒன்றாக ஒட்டிவிடுவதும் உண்டு. கோவை ஒன்றின் நடுவே செடிகளின் குரோமோசோம் முனைக்கு உரிய டிடிடிஏஜிஜிஜி என்ற வரிசை அடுக்கடுக்காக வந்தால் அங்கே சந்தேகம் கொள்வது முறை.

வரைபடத்துக்கு வெளியே உள்ள சான்று எவ்வளவு தேவை என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2013இல் கொண்டைக்கடலைக்கு இரண்டு வரைவுகள் வந்தன: ஹைதராபாதின் இக்ரிசாட் முன்னின்ற பன்னாட்டுக் குழு காபூலி வகைக்கும், டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தின் குழு தேசி வகைக்கும் வெளியிட்டன. அடுத்த ஆண்டே, குரோமோசோம்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் படித்த ஆய்வு ஒன்று இரண்டையும் சரிபார்த்தது. காபூலி வரைவில் சிறு பகுதிகள் இடம் தவறியிருந்தன. தேசி வரைவில் பெரும் பகுதிகளே இடம் மாறியிருந்தன. குறும்படிப்புகளை மட்டும் நம்ப வேண்டியிருந்த காலத்து வரைவுகள் அவை. குறை கண்டதைவிட, வேறொரு வழியில் வந்த சான்றை வைத்துச் சரிபார்த்ததைத்தான் நாம் பின்பற்ற வேண்டும்.

ஏழுக்குப் பதில் ஆறு

இனி மல்பெரியின் சொந்தக் கதை. சீனத்தில் காடாக வளரும் மோரஸ் நோட்டபிலிஸ் என்ற மல்பெரி இனத்துக்கு ஒரு படியில் 7 குரோமோசோம்கள் என்று செல்லியல் நூல்கள் சொல்லிவந்தன. சோங்சிங் நகரின் தென்மேற்குப் பல்கலைக்கழகக் குழு 2013இல் அதன் முதல் வரைவை வெளியிட்டபோதும் அதே எண்தான். தோட்டங்களில் வளரும் மோரஸ் ஆல்பாவுக்கு 14. ஏழின் இரட்டை பதினான்கு என்பதால், ஆல்பா காட்டு மல்பெரியின் குரோமோசோம்கள் இரட்டித்துப் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

2020இல் ஆல்பாவின் குரோமோசோம் அளவிலான தொகுதி வெளிவந்தது: சுமார் 34.6 கோடி எழுத்துகள், 14 குரோமோசோம்கள். 2022இல் நோட்டபிலிஸின் குரோமோசோம் அளவிலான தொகுதி வந்தபோது அதன் நீளம் சுமார் 33.5 கோடி எழுத்துகள், குரோமோசோம்கள் 6. ஏழை எதிர்பார்த்த இடத்தில் ஆறு. ஒளிரும் குறிகளை நேரடியாகக் குரோமோசோம்கள் மேல் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையாலும் ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்தார்கள். இரட்டிப்புக் கணக்கும் விழுந்தது. இரட்டித்திருந்தால் ஆல்பாவின் நீளம் இரு மடங்காக இருந்திருக்கும், மரபணுக்கள் இரண்டிரண்டாக வந்திருக்கும். இரண்டின் நீளமும் ஏறக்குறைய சமம். ஆறு பெரிய குரோமோசோம்களின் பகுதிகளும் பதினான்கு சிறியவற்றின் பகுதிகளும் ஒன்றுக்கொன்று வரிசை மாறாமல் பொருந்துகின்றன. குரோமோசோம்கள் உடைந்தும் ஒட்டியும் எண்ணிக்கை மாறியிருக்கிறது. அதற்கு எந்த இரட்டிப்பும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியது கருவிகளைப் பற்றி. லாகெசிஸ், ஆல்ஹைசி போன்ற கோவை கட்டும் மென்பொருள்கள் தொடங்கும் முன்பே எத்தனை குரோமோசோம் என்று கேட்கும். ஏழு என்று சொன்னால் ஏழு கொடுக்கும். உள்ளதே ஆறுதான் என்றாலும், எங்கோ ஓர் இடத்தில் தொடர்பு மெலிந்த பகுதியைப் பிரித்து ஏழாக்கித் தரும். நூலில் உள்ள எண்ணோடு பொருந்திவிட்டது என்று ஆய்வாளரும் மகிழ்ந்து அனுப்பிவிடலாம். யாஸ் போன்ற பின்வந்த கருவிகள் எண்ணைக் கேட்காமல் தொடர்புகளை மட்டும் வைத்துக் கோக்கின்றன. நான் பரிந்துரைப்பது இதைத்தான்: முதலில் எண் சொல்லாமல் ஓட்ட வேண்டும். வந்த எண்ணை எழுதிவைத்த பிறகே செல்லியல் நூலைத் திறக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், முரண்படும் அந்த ஒரு சந்திப்பில் நீண்ட படிப்புகள், முனை வரிசைகள், மரபு இணைப்பு வரைபடம், நுண்ணோக்கிப் படம் ஆகியவை என்ன சொல்கின்றன என்று தேட வேண்டும்.

உறவினச் செடியைப் பார்த்து வரிசைப்படுத்தும் பழக்கமும் இதே ஆபத்தைத் தாங்கியது. நோட்டபிலிஸை வார்ப்பாக வைத்து வி-1இன் துண்டுகளை அடுக்கினால் ஆறு கோவைகள் வரும். வி-1இன் குரோமோசோம்கள் ஆறு என்பதற்கு அது சான்றாகாது. வார்ப்பின் நிழல் அது.

2023இல் கதை இன்னும் ஆழமானது. அதே நோட்டபிலிஸின் இடைவெளியே இல்லாத, முனைக்கு முனை முழுமையான தொகுதி வந்தது. அதில் ஒரே குரோமோசோமில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்ட்ரோமியர் பகுதிகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இத்தகைய அமைப்பு வேறெந்த இனத்திலும் அதுவரை அறிவிக்கப்படவில்லை என்றும் எழுதினார்கள். குரோமோசோம்கள் உடைவதும் ஒட்டுவதுமான சுழற்சிக்குப் புதிய சென்ட்ரோமியர்கள் உருவாகும் விதத்தைக் கொண்டே அவர்கள் விளக்கம் தருகிறார்கள்.

திருத்தம் செய்யும் மேசையில் இதன் பொருள் என்ன என்று எண்ணிப்பார்க்கிறேன். ஒரு குரோமோசோமுக்கு ஒரு சென்ட்ரோமியர் என்பது பாடப்புத்தக விதி. சென்ட்ரோமியர் மீள்வரிசை ஒரே கோவையில் இரண்டு, மூன்று இடங்களில் வந்தால், இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டன என்று கத்தியை எடுப்பதே வழக்கம். வேறு எந்தச் செடியிலும் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மல்பெரியில் அந்த நல்ல பழக்கமே உண்மையான குரோமோசோமைத் துண்டாடியிருக்கும். அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவின் குரோமோசோம்களுக்கும் ஒற்றை சென்ட்ரோமியர் கிடையாது. செல் பிரியும்போது குரோமோசோமின் நீளம் முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்த இயல்புகள். ஒன்றுக்கு மற்றது காரணமில்லை. ஆனாலும் பட்டுத் தொழிலின் இரண்டு உயிர்களும் பாடப்புத்தக விதியிலிருந்து விலகி நிற்பதைப் பார்க்கும்போது, விதியை வைத்து வெட்டுவதில் உள்ள துணிச்சல் எனக்குக் குறைந்துவிடுகிறது.

நம் தோட்டங்களுக்கு

கே-2 ரகத்தின் வரைவுத் தொகுதி 2022இல் இந்திய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. மல்பெரிக்கு இந்திய மண்ணில் கிடைத்த பெரிய அடித்தளம் அது. ஆனால் கர்நாடக, தமிழகத் தோட்டங்களில் இன்று நிற்பது பெரும்பாலும் வி-1உம் அதன் பின்வந்தவையும். கிழக்கிந்தியாவில் பரவிய எஸ்-1635 மும்மடிய ரகம். அதன் செல்லில் 14 குரோமோசோம்கள் மூன்று படிகளாக, மொத்தம் 42. மேற்கே கறுப்பு மல்பெரி 308 குரோமோசோம்கள் வரை போகிறது. மும்மடிய ரகத்தில் மூன்று படிகளும் ஒத்திருக்கும் பகுதி ஒரே துண்டாக நசுங்கி, மூன்று வெவ்வேறு கோவைகளோடும் சமமாகத் தொடர்பு காட்டும். மென்பொருள் அதை ஏதோ ஒன்றில் செருகி, மற்ற இரண்டையும் அதன் வழியாகவே ஒட்டிவிடும். ஒத்த படிகளுக்கு இடையிலான தொடர்புகளை முன்கூட்டியே களைந்துவிட்டுக் கோக்கும் ஆல்ஹைசி இந்தச் சிக்கலுக்காகவே 2019இல் கரும்பு ஆய்வின் ஊடே உருவானது. அங்கேயும் படி எண்ணிக்கையைத் தவறாகக் கொடுத்தால் பிழையே வரும். ஆகையால் படிப்புகளில் வரும் சிறு எழுத்துத் தொடர்களை எண்ணி, செடி இருமடியமா மும்மடியமா என்று முதலில் அறிந்துகொள்ளாமல் வரைபடத்தைத் திறப்பது வீண் வேலை.

இதற்கான செல்வம் நம்மிடமே இருக்கிறது. ஓசூரில் உள்ள மத்திய பட்டு மரபுவளக் காப்பு மையத்தில் உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள் உயிரோடு நிற்கின்றன. அவற்றில் இருமடியம், மும்மடியம், அதற்கு மேலும் உண்டு. இளந்தளிரைச் சில நாள் இருட்டில் வைத்து மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு எடுப்பது, இலைப்பாலும் பசையும் டிஎன்ஏவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது, ஒரே செடியின் ஒரே கிளையிலிருந்து நீண்ட படிப்புக்கும் ஹை-சிக்கும் சேர்த்தே மாதிரி எடுப்பது போன்ற சிறு ஒழுங்குகள் பின்னால் வரும் பாதிக் குழப்பத்தைத் தடுக்கும். ஹை-சிக்கு வேறு செடியிலிருந்து இலை எடுத்தால், அந்த இரண்டு செடிகளுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடெல்லாம் இணைப்புப் பிழையாக வேடம் போட்டுக்கொண்டு வரைபடத்தில் வந்து நிற்கும். பெயர்ப்பலகை ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. குச்சி வழியே பரவும் பயிரில் பெயர் மாறிய செடிகள் எங்கும் உண்டு.

வெளியீட்டு முறையிலும் ஒரு மாற்றத்தை வற்புறுத்த விரும்புகிறேன். இன்று ஆய்விதழில் பெரும்பாலும் வருவது கடைசியாகத் திருத்திய தொகுதியும், சிவந்த சதுரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு படமும்தான். திருத்தத்துக்கு முந்திய தொகுதி, எந்தக் கோவை எந்த இடத்தில் வெட்டப்பட்டது, எது திருப்பப்பட்டது, ஒதுக்கிய துண்டு ஒவ்வொன்றும் பசுங்கணிகமா, பாக்டீரியாவா, இரட்டைப் படியா, காரணம் தெரியாததா என்ற பட்டியல் ஆகியவற்றையும் மூலத் தரவோடு சேர்த்துப் பொதுவில் வைக்க வேண்டும். நோட்டபிலிஸை ஏழு என்று எழுதியவர்களும் கவனமான ஆய்வாளர்களே. அடுத்து வந்த குழுவால் தன் தரவைக் கொண்டு அதைத் திருத்த முடிந்தது. வி-1ஐயோ எஸ்-1635ஐயோ கோக்கப்போகும் குழுவும் எங்கோ ஓரிடத்தில் தவறாக வெட்டவே செய்யும். அந்த வெட்டு எந்தச் சான்றின் மேல் நடந்தது என்று எழுதப்பட்டிருந்தால், பின்னால் வருகிறவர் புதிதாக ஒரு செடியை வளர்க்காமலே, கையில் உள்ள வரைபடத்தை வைத்தே அதை மறுபடி இணைத்துவிடலாம்.